பட்டனைத் தட்டினா வந்த பாட்டா அது?

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, ஞாயித்துக்கிழமையும் விடாத டிராஃபிக்கைத் தாண்டி அல்சூர் வரைக்கும் வந்திருக்கிற பெங்களூர்த் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம். "காலம் கடந்து நிற்கும் பாட்டுக்குக் காரணம் பாடகரின் உணர்ச்சியா, பதிவுக்கூடத்தின் உழைப்பா?" நான் உழைப்பு. முன்னுரை முடிஞ்சது.

எங்க அணித் தம்பி ஒரு பாட்டைச் சொன்னார். டென் சிசிங்கிற இங்கிலாந்துப் பாப் குழுவோட 'ஐ ஆம் நாட் இன் லவ்'. 1975 ஜூன்ல இங்கிலாந்துல முதலிடம், அமெரிக்காவுல ரெண்டாமிடம். உடனே எதிரணித் தலைவர் எழுந்து, "அட, அது மெஷின் பாட்டுய்யா! பட்டனைத் தட்டினா கோரஸ் கொட்டும். இதுல என்ன உழைப்பு?"ன்னு கேட்டார். நீங்களும் கைதட்டிட்டீங்க. அந்தக் கைதட்டலை வட்டியோட வசூல் பண்ணாம நான் இறங்கறதா இல்லை.

அய்யா, பட்டன் இன்னிக்கு இருக்கு. உங்க பேரன் கீபோர்டுலயே இருக்கு. 1975ல என்ன இருந்தது? மெலோட்ரான்னு ஒரு கருவி இருந்தது, ஒத்துக்கறேன். கட்டைக்கு ஒரு டேப் துண்டு. அமுக்கினா குரல் வரும், சுமார் 8 நொடியில டேப் தீர்ந்துடும். பாட்டோ 6 நிமிஷம்! என்ன செய்வீங்க?

அவங்க செஞ்சதைச் சொல்றேன். முதல்ல அதை போஸா நோவாங்கிற பிரேசில் நாட்டுத் தாளத்துல பதிவு பண்ணாங்க. குழுவுக்கே பிடிக்கலை, அழிச்சுட்டாங்க. ஆனா ஸ்டூடியோவுல வேலை பாக்கிறவங்க அந்த மெட்டை முணுமுணுத்துக்கிட்டே திரிஞ்சாங்க. சரி, இன்னொரு தடவை பாப்போம்னு உட்காரும்போது குழுவுல ஒருத்தரான கெவின் காட்லி சொன்னார்: "வாத்தியமே வேண்டாம், முழுக்கக் குரலை வெச்சுப் பண்ணுவோம்." இருக்கறதே நாலு பேர். அதுல இன்னொருத்தர் லால் கிரீம் வழி சொன்னார்: டேப்பை வளையமா ஒட்டிச் சுத்த விடுவோம்.

இடம், மான்செஸ்டர் பக்கத்துல ஸ்டாக்போர்ட், ஸ்ட்ராபெரி ஸ்டூடியோ. எரிக் ஸ்டூவர்ட் கன்ட்ரோல் ரூம்ல. மத்த மூணு பேரும் மைக் முன்னாடி. ஒரே சுரத்தைப் பிடிச்சு "ஆ..."ன்னு பாடணும். ஒரு தடவை இல்லை, 16 தடவை. மூணு பதினாறு 48 குரல். இது ஒரு சுரத்துக்கு! ஸட்ஜத்துல ஆரம்பிச்சு மேல் ஸட்ஜம் வரைக்கும், நடுவுல வர்ற அரைச் சுரங்களையும் சேர்த்து எண்ணினா 13 சுரம். பெருக்குங்க. 624! மூணு வாரம் "ஆ"ன்னே கத்தியிருக்காங்கய்யா. பல் டாக்டர்கிட்ட கூட நாம அவ்வளவு நேரம் வாயைத் திறக்கறதில்லை.

இன்னும் முடியலை. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு டேப் வளையம், சுமார் 12 அடி நீளம். ஏன் 12 அடி? ஒட்டின இடத்துல 'டிக்'குனு ஒரு சத்தம் வரும். வளையம் சின்னதா இருந்தா அந்த டிக் அடிக்கடி வந்து மானத்தை வாங்கும். 12 அடின்னா, நொடிக்கு 15 அங்குல வேகத்துல ஒரு சுத்து வர கிட்டத்தட்ட 10 நொடி ஆகும். அவ்வளவு நீள வளையம் மெஷினுக்குள்ள அடங்குமா? தள்ளி ஒரு மைக் ஸ்டாண்டை நிறுத்தி, அதுல உருளை மாட்டி, கிணத்து ராட்டினம் மாதிரி டேப்பைச் சுத்த விட்டாங்க.

அப்படி ஓட விட்ட 13 சுரத்தையும் 16 ஒலியைத் தனித்தனித் தடத்துல பதியற 16 டிராக் மெஷின்ல ஏத்தினா மிச்சம் மூணே டிராக். அப்புறம் நாலு பேரும் மிக்ஸிங் மேஜை முன்னாடி நின்னு, பாட்டுல எந்தச் சுரக்கூட்டு வருதோ அந்தச் சுரங்களோட ஃபேடரை, அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற தள்ளுகட்டையை, கையால ஏத்தி, இன்னொண்ணை இறக்கி, மேஜையையே வாத்தியமா வாசிச்சாங்க. ஃபேடர் அடி வரைக்கும் இறங்காதபடி கீழே டேப் ஒட்டி அடைச்சுட்டாங்க. அதனால வாசிக்காத சுரமும் பின்னாடி லேசாக் கசிஞ்சுக்கிட்டே இருக்கும். பாட்டு பூராவும் பனிமூட்டம் மாதிரி ஒண்ணு கேக்குதே, அது அந்தக் கசிவுதான். எதிரணித் தலைவர் அய்யா, இதுல பட்டன் எங்க இருக்கு? உங்க சட்டையிலதான் இருக்கு!

நடுவுல ஒரு பொண்ணு குசுகுசுன்னு பேசுமே, அது யாரு? பாடகியா? நடிகையா? போன் எடுக்கிற செக்ரட்டரிம்மா! கதவை மெல்லத் திறந்து, வேலை கெடக்கூடாதேன்னு ரகசியக் குரல்ல, "எரிக், உங்களுக்குப் போன்"னாங்க. லால் கிரீம் துள்ளி எழுந்து, "இந்தக் குரல்தான்!"னார். அந்தம்மா, எனக்கெதுக்கு இந்த வம்புன்னு தயங்கி, கடைசியில மைக் முன்னாடி நின்னாங்க. போன் பண்ணின புண்ணியவான் லைன்லயே நின்னிருப்பார், பாவம். "பெரிய பசங்க அழக்கூடாது"ன்னு சொல்ற அந்தக் குரல் உலகம் பூரா ஒலிக்குது.

மணி அடிக்குது, முடிக்கறேன். அந்தப் பாட்டு பொறந்ததே எரிக்கோட மனைவி, "நீங்க ஏன் அடிக்கடி ஐ லவ் யூ சொல்றதில்லை?"ன்னு கேட்டதாலதான். தினம் சொன்னா அர்த்தம் போயிடுமேன்னு மனுஷன், காதலே இல்லைன்னு பாட்டெழுதினார். உன் படத்தைச் சுவத்துல மாட்டினது கறையை மறைக்கத்தானாம்! யாரை ஏமாத்தறே?

கோலார் தங்கவயல் சுரங்கத்துல இறங்கின நம்ம தாத்தாக்கள், பின்னி மில்லுல நைட் ஷிப்ட் பார்த்த அப்பாக்கள், யாராவது ஒருத்தர் வீட்டுல அந்த மூணு வார்த்தையைச் சொன்னதுண்டா? சம்பளக் கவரைப் பிரிக்காமக் கொண்டுவந்து நீட்டினாங்க. "சாப்பிட்டியா"ன்னு கூடக் கேக்க மாட்டாங்க. "சோறு மிச்சமிருக்கா"ன்னுதான் கேப்பாங்க. 624 குரல் தேவைப்படலைய்யா அவங்களுக்கு.

இது உணர்ச்சி அணிக்குப் பேசற மாதிரி இருக்கேன்னு நடுவர் முறைக்கறார். இருக்கட்டும். மூணாவது வரிசையில ஒரு பெரியவர், கழட்டி வெச்ச ஸ்வெட்டரைப் பேசாம பக்கத்துல இருக்கிற அம்மா மேல போட்டுவிடறார். அய்யா, நீங்க எந்த அணியா இருந்தாலும் கைதட்டல் எங்களுக்குத்தான் போடணும். நன்றி, வணக்கம்!