மானிட்டர் இல்லாத வீட்டு சர்வரை எட்ட இருந்தே கையாள்வது எப்படி?

வணக்கம். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எதுவும் இல்லாமல் ஒரு மூலையில் கரண்டும் நெட்வொர்க் கேபிளும் மட்டும் செருகியபடி ஓடிக்கொண்டிருக்கும் கணினியைத்தான் ஹெட்லெஸ் சர்வர் என்கிறோம். அதன் ஸ்கிரீனை நம் லேப்டாப்பில் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் பலரும் முதலில் கேட்பது. ஆனால் அந்த ஸ்கிரீன் உங்களுக்கு எப்போது தேவைப்படும் என்று முதலில் யோசியுங்கள். எல்லாம் ஒழுங்காக ஓடும்போதா, இல்லை அது பூட் ஆகவே மறுக்கும்போதா? இந்த இரண்டுக்கும் கருவிகள் வேறு வேறு.

(திரையில்: கறுப்பு டெர்மினல், லாகின் ஆகும் காட்சி)

அன்றாட வேலைக்கு எஸ்எஸ்ஹெச் போதும், அதாவது இன்னொரு கணினிக்குள் மறையாக்கத்துடன் லாகின் ஆகி கமாண்டு கொடுக்கும் முறை. 1995இல் ஃபின்லாந்தில், பல்கலைக்கழக நெட்வொர்க்கில் பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடிய ஒரு தாக்குதலுக்குப் பிறகு டாட்டு யூலோனன் எழுதியது இது. அதற்கு முன் இதே வேலைக்கு இருந்த டெல்நெட்டில் பாஸ்வேர்டு அப்படியே வெளிப்படையாக ஒயரில் போகும். இன்று நாம் பயன்படுத்தும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 1999இல் ஓப்பன்பிஎஸ்டி குழு கொண்டுவந்தது. போர்ட் எண் 22.

பாஸ்வேர்டை நம்பாதீர்கள், கீ ஜோடி (உங்களிடமே இருக்கும் ரகசியக் கீ, சர்வருக்குக் கொடுக்கும் பப்ளிக் கீ) உருவாக்கிக்கொள்ளுங்கள், இடி25519 வகையே போதும். பப்ளிக் கீயை சர்வரில் ஏற்றி, கீ வழியாக லாகின் ஆகிறதா என்று பார்த்த பிறகுதான் பாஸ்வேர்டு லாகினை அணைக்க வேண்டும். அப்படி அணைக்கும்போது இப்போது திறந்திருக்கும் டெர்மினலை மூடிவிடாமல், பக்கத்தில் இன்னொன்றைத் திறந்து உள்ளே போக முடிகிறதா என்று பாருங்கள், ஏனென்றால் அமைப்புக் கோப்பில் ஒரு எழுத்து தப்பினாலும் அந்தப் பழைய இணைப்புதான் உங்களிடம் மிஞ்சியிருக்கும் ஒரே வழி.

அப்புறம், டிமக்ஸ். இணைப்பு போனாலும் டெர்மினலை சர்வரிலேயே உயிரோடு வைத்திருக்கும் மென்பொருள் இது. பெரிய அப்டேட் ஒன்று பாதியில் ஓடும்போது வைஃபை அறுந்தால், சாதாரண எஸ்எஸ்ஹெச்சில் அந்த அப்டேட்டும் சேர்ந்து நின்றுவிடக்கூடும். டிமக்ஸுக்குள் ஓட்டினால் அது சர்வர் பக்கமே தொடரும், மறுபடி இணைந்து விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம்.

கமாண்டு பழக்கமில்லை என்றால், சர்வரை உலாவி வழியாகவே நிர்வகிக்க உதவும் காக்பிட் நிறுவுங்கள். உலாவியில் 9090 போர்ட்டைத் திறந்தால் டிஸ்க், லாக், சேவைகள், அப்டேட் எல்லாம் தெரியும், உள்ளேயே ஒரு டெர்மினலும் உண்டு. யாரும் பார்க்காத நேரத்தில் அது ஓடிக்கொண்டு மெமரியைத் தின்பதில்லை, யாராவது இணைந்தால்தான் எழுந்திருக்கும். வர்ச்சுவல் மெஷின்கள்தான் முக்கிய வேலை என்றால், அவற்றை ஓட்டுவதற்கென்றே உள்ள பிராக்ஸ்மாக்ஸின் பக்கம் 8006இல் இருக்கிறது, ஒவ்வொரு மெஷினின் ஸ்கிரீனையும் அங்கேயே திறக்கலாம்.

சரி, டெஸ்க்டாப்பே வேண்டும் என்கிறீர்களா? என்னைக் கேட்டால் முக்கால்வாசி வீட்டு சர்வர்களுக்கு அது தேவையில்லை. ஆனாலும் கிராஃபிக்கல் மென்பொருள் ஒன்றை அங்கேயே ஓட்ட வேண்டிய கட்டாயம் சிலருக்கு வரும். ஒரே ஒரு விண்டோ போதும் என்றால் எஸ்எஸ்ஹெச்சின் எக்ஸ்11 ஃபார்வர்டிங் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சின்ன அசைவுக்கும் இரண்டு பக்கமும் பலமுறை பேசிக்கொள்வதால், வீட்டு நெட்வொர்க்குக்கு வெளியே போனால் தடுமாறும். எவ்வளவு வேகமான இணைய இணைப்பு எடுத்தாலும் இது தீராது, தாமதம்தான் இதன் எதிரி.

விஎன்சி வேறு மாதிரி. ஸ்கிரீனை வெறும் படமாக எடுத்து, மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பும். கேம்பிரிட்ஜில் இருந்த ஒலிவெட்டி ஆய்வுக்கூடத்தில் பிறந்தது, வழக்கமான போர்ட் 5900. அதன் பழைய பாஸ்வேர்டு முறையில் முதல் 8 எழுத்துகள் மட்டுமே கணக்கில் வரும், படமும் மறையாக்கம் இல்லாமல்தான் போகும். அதனால் எஸ்எஸ்ஹெச் டனலுக்குள் வைத்தே பயன்படுத்துங்கள். என் விருப்பம் ஆர்டிபி, விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் முறை. லினக்ஸில் எக்ஸ்ஆர்டிபி நிறுவினால் அது தானாகவே ஒரு தனி டெஸ்க்டாப்பை உருவாக்கிக் கொடுக்கும். 2024இல் வந்த க்நோம் 46இலிருந்து க்நோமிலேயே இந்த ரிமோட் லாகின் இருக்கிறது.

இங்கே பலர் குழம்பும் இடம் டம்மி பிளக். ஹெச்டிஎம்ஐயில் மானிட்டர் இருந்தால் அது தன் விவரங்களை கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சொல்லும். மானிட்டர் இல்லையென்றால் கார்டு அந்த வெளியீட்டை எழுப்பாமலே விடலாம், அல்லது மிகச் சின்ன ரெசல்யூஷனில் நிற்கலாம். டம்மி பிளக் 'நான்தான் மானிட்டர்' என்று பொய் சொல்கிறது. ஆனால் உண்மையான ஸ்கிரீனை அப்படியே பகிரும்போதுதான் இது வேண்டும். எக்ஸ்ஆர்டிபி மாதிரி கற்பனை ஸ்கிரீன் உருவாக்கும் முறைகளுக்குத் தேவையே இல்லை.

(திரையில்: பூட் ஆகாமல் நிற்கும் கணினியின் செய்தி)

இதுவரை சொன்ன அத்தனையும் சர்வரில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் உயிரோடு இருந்து, நெட்வொர்க்கும் சரியாக இருந்தால்தான் வேலை செய்யும். கெர்னல் பூட் ஆகவில்லை, ஃபைல் சிஸ்டம் சோதனையில் தடுமாறி எமர்ஜென்சி மோடில் நிற்கிறது, பயாஸ் 'கீபோர்டு இல்லை' என்று காத்திருக்கிறது, இப்படி ஏதாவது நடந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் செத்துவிடும். நீங்கள் காசையும் கவனத்தையும் போட வேண்டிய இடம் இதுதான்.

சர்வர் மதர்போர்டுகளில் பிஎம்சி என்று தனிச் சின்னக் கணினியே இருக்கும். சர்வரை ஆஃப் செய்திருந்தாலும் கேபிளில் கரண்ட் இருக்கும்வரை அது விழித்திருக்கும். அது பேசும் ஐபிஎம்ஐ முறை 1998இல் வந்தது. டெல்லில் ஐடிராக், ஹெச்பியில் ஐஎல்ஓ என்று பெயர். பயாஸ் திரையைப் பார்க்கலாம், ஐஎஸ்ஓ ஏற்றி புதிதாக நிறுவலாம், ஆனால் சில மாடல்களில் ரிமோட் ஸ்கிரீனுக்குத் தனி லைசென்ஸ் தேவை, வாங்கும் முன் கேளுங்கள். இன்னொன்று, ஐபிஎம்ஐ 2.0இல் லாகின் முடியும் முன்பே பாஸ்வேர்டின் ஹாஷைக் கேட்பவருக்குக் கொடுத்துவிடும் குறை அந்த முறையின் வடிவமைப்பிலேயே இருக்கிறது. அதனால் பிஎம்சியை இணையத்தின் பக்கம் காட்டவே காட்டாதீர்கள்.

அலுவலகங்கள் கழித்துவிடும் சின்னக் கணினிகளில் இன்டெல்லின் வீப்ரோ (vPro) முத்திரை இருந்தால், பெரும்பாலும் இன்டெல் ஏஎம்டி (AMT) என்ற ரிமோட் நிர்வாக வசதி உள்ளே இருக்கும். அதுவும் இதே வேலையைச் செய்யும். ஆனால் அதில் ஸ்கிரீன் தெரிய இன்டெல்லின் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் வேண்டும், பல மாடல்களில் மானிட்டரோ டம்மி பிளக்கோ செருகியிருக்கவும் வேண்டும்.

இரண்டும் இல்லாத சாதாரணக் கணினிக்கு பைகேவிஎம் மாதிரியான ஐபி கேவிஎம். சர்வரின் ஹெச்டிஎம்ஐ படத்தைப் பிடித்து உலாவியில் காட்டும், யூஎஸ்பி வழியாக கீபோர்டாகவும் மவுஸாகவும் நடிக்கும், பென்டிரைவாகவும் நடிக்கும். மதர்போர்டின் பவர் பட்டன் பின்களில் ஒயர் கொடுத்துவிட்டால் பட்டனையும் அழுத்தும். சீரியல் போர்ட் இருந்தால் அதையும் மறக்க வேண்டாம். கெர்னலின் பூட் வரியில் சீரியலையும் கன்சோலாகச் சேர்த்து, 115200 வேகத்தில் வைத்தால், பூட் செய்திகள் எல்லாம் எழுத்தாகவே வரும்.

செலவே இல்லாத சில ஏற்பாடுகளும் உண்டு. பயாஸில் கரண்ட் போய் வந்தால் தானாக ஆன் ஆகும்படி வையுங்கள். ஆஃப் ஆன கணினியை நெட்வொர்க் வழியாகவே ஆன் செய்ய உதவும் வேக் ஆன் லேன் வசதியை இயக்கி வையுங்கள். அதை எழுப்பும் செய்தி வெறும் 102 பைட். உபுண்டு சர்வரில் நெட்வொர்க்கை மாற்றும்போது நெட்பிளான் ட்ரை கமாண்டைப் பயன்படுத்தினால், 120 நொடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும்.

வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமா? ரவுட்டரில் ஆர்டிபியின் 3389, விஎன்சியின் 5900 போர்ட்டுகளைத் திறந்து வைக்காதீர்கள். வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் மறையாக்கப் பாதை போடும் விபிஎன்னான வயர்கார்டு போடுங்கள். 2020இல் வந்த லினக்ஸ் 5.6 கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது, சரியான கீ இல்லாமல் தட்டுபவர்களுக்குப் பதிலே சொல்லாது. ஆனால் அதை அந்த சர்வரிலேயே ஓட்டினால் சர்வர் விழும்போது விபிஎன்னும் விழும், பைகேவிஎம் வாங்கியும் அதை எட்ட முடியாது. ரவுட்டரிலோ வேறொரு சின்னக் கருவியிலோ வையுங்கள். எல்லாம் முடிந்ததும் மானிட்டரைக் கழற்றிவிட்டு, வெளியே மொபைல் இணையத்தில் இருந்தபடியே சர்வரை ஆஃப் செய்து, ஆன் செய்து, பயாஸ் திரை வரை போய்ப் பாருங்கள்.