ஓடும் வீட்டில் தண்ணீர்

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

கேரவன் என்னும் ஓடும் வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் படுக்கையைத் தொட்டுப் பார்ப்பார்கள், அடுப்பைப் பார்த்து வியப்பார்கள். வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பவர் அரிது. அந்த வீட்டில் நிம்மதியாக இருக்க முடியுமா என்பதைத் தீர்மானிப்பது அங்கே இருக்கும் தொட்டிகள்தான். நல்ல தண்ணீருக்கு ஒன்று. பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் சேர ஒன்று. கழிவறைக்கென்று தனியாக ஒன்று. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை; 150 லிட்டர் நிரப்பினால் இரண்டு ஆட்களைக் கூடுதலாக ஏற்றியது போல. வண்டி தாங்கும் எடையில் அதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

மேல்நிலைத் தொட்டி இல்லாத வீடு இது. குழாயைத் திறந்ததும் தண்ணீர் வருவது 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சிறிய பம்பினால். குழாயைத் திறந்தால் அழுத்தம் குறையும். அதை உணரும் சுவிட்ச் பம்பை ஓடவிடும். மூடினால் அழுத்தம் ஏறி, பம்ப் தானாக நின்றுவிடும்.

இந்தப் பம்பின் சத்தத்தைக் காது பழகிக்கொள்ள வேண்டும் என்பேன். ஒருநாள் இரவு எல்லாக் குழாய்களும் மூடியிருக்க, பம்ப் இரண்டு நொடி உறுமிவிட்டு அடங்கியது. அரை மணி கழித்து மறுபடியும் அதே உறுமல். எங்கோ அழுத்தம் இறங்குகிறது என்று பொருள். காகிதத் துண்டுகளை ஒவ்வோர் இணைப்பின் அடியிலும் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் கழிவறைக்குப் பின்னால் வைத்த காகிதம் மட்டும் நனைந்திருந்தது. ஒரு வாஷர் மாற்றியதோடு வேலை முடிந்தது. கவனிக்காமல் விட்டிருந்தால் தரைப்பலகை ஊறி உளுத்துப் போயிருக்கும். எந்தக் காகிதமும் நனையவில்லை என்றால், பம்புக்குள் தண்ணீரை ஒரே திசையில் விடும் வால்வைச் சந்தேகியுங்கள். தண்ணீர் தொட்டிக்கே திரும்பிக் கசிந்துகொண்டிருக்கலாம். வண்டியை முகாமின் வெளிக் குழாயில் இணைத்திருக்கும்போது உள்தொட்டி தானாக நிரம்பி வழிந்தாலும் பெரும்பாலும் அதே வால்வுதான் காரணம். வெளிக் குழாயில் அழுத்தம் எவ்வளவு இருக்கும் என்று நமக்குத் தெரியாது. ஆகவே அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் இல்லாமல் ஒருபோதும் இணைக்காதீர்கள்.

இனி, பலர் பேசக் கூசும் கழிவறைத் தொட்டி. புதிதாக வண்டி எடுத்தவர்கள் ஒரு முகாமில் தங்கியதும் கழிவுக் குழாயைப் பொருத்தி, வால்வைத் திறந்தே வைத்துவிடுகிறார்கள். வீட்டில் இருப்பது போல எல்லாம் ஓடிவிடும் என்ற எண்ணம். நீர் மட்டும் ஓடிவிடும். திடக்கழிவு தங்கி, புற்று போல எழும்பி இறுகிவிடும். பிறகு அதைக் கரைத்து எடுப்பது பெரும்பாடு. வால்வை மூடியே வையுங்கள். காலித் தொட்டியில் முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வையுங்கள். மூன்றில் இரண்டு பங்காவது நிரம்பிய பின் திறந்தால், வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். இதற்குத் தண்ணீரை மிச்சம் பிடிக்காதீர்கள்.

தொட்டி காலியாக இருந்தும் நாற்றம் வந்தால், கழுவுதொட்டியின் அடியில் வளைந்திருக்கும் குழாயைப் பாருங்கள். அந்த வளைவில் நிற்கும் தண்ணீர்தான் நாற்றத்தைத் தடுக்கும் கதவு. நெடுநாள் நின்ற வண்டியில் அது வற்றிவிடும். ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் போதும்.

வெந்நீர்க் கலம் நிரம்பாமல் மின்சாரத்தைப் போட்டுவிட்டால் அதன் கம்பிச்சுருள் கருகிவிடும். உறைபனிக் காலத்தில் வண்டியை நிறுத்திவைக்கும் முன் குழாய்களில் உள்ள தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள். உறைந்த நீர் விரிந்து இணைப்புகளைப் பிளந்துவிடும். கார் ரேடியேட்டருக்கான உறைதடுப்புத் திரவத்தை இந்தக் குழாய்களில் ஊற்றவே கூடாது; அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. குடிநீர்க் குழாய்களுக்கென்றே இளஞ்சிவப்பு நிறத்தில் தனித் திரவம் கிடைக்கிறது.

கழிவை வெளியேற்றும்போது கழிவறைத் தொட்டியை முதலில் திறங்கள், குளித்த நீர்த் தொட்டியை அடுத்துத் திறங்கள். சோப்பு நீர் பின்னால் வந்து குழாயை அலசிவிடும். கையுறை கட்டாயம். அந்தக் குழாயையும் குடிநீர்க் குழாயையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். குழந்தைகள் குடிக்கும் தண்ணீர் குடிநீர்க் குழாய் வழியாகத்தான் வருகிறது.

நன்றி, வணக்கம்.