பழைய வீட்டை விருந்தினர் இல்லமாக்குதல்: காலை ஏழு மணிக் கணக்கு

[திரையில்: பூட்டிய கதவு, மெதுவாகத் திறக்கிறது]

வணக்கம். தாத்தா காலத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். விற்க மனம் வரவில்லை, சும்மா வைத்திருக்கவும் கட்டுப்படியாகவில்லை. இந்த நிலையில் பலருக்கும் தோன்றும் யோசனை, அதைப் பயணிகள் தங்கும் இல்லமாக மாற்றலாம் என்பது. தோன்றிய உடனேயே படுக்கையறைகளை எண்ணத் தொடங்கி, ஆறு அறை இருந்தால் ஆறையும் வாடகைக்கு விட்டுவிடலாம் என்று கணக்கை முடித்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கு காலை ஏழு மணிக்கு உடையும். ஆறு அறைகளிலும் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் குளிக்கப் போகும்போது அந்த வீடு என்ன ஆகும் என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம்.

பத்துப் பேர் வாழ்ந்த வீட்டில் ஒரே ஒரு குளியலறை இருந்தது என்றால், அந்தப் பத்துப் பேரும் முறை வைத்துக் காத்திருந்தார்கள் என்று பொருள். பணம் கொடுத்துத் தங்குபவர் காத்திருக்க மாட்டார். அறையோடு சேர்ந்த குளியலறையை எதிர்பார்ப்பார். எனவே பழைய வீட்டை மாற்றும் வேலையில் பெரும்பகுதி, தண்ணீரே போகாத இடங்களுக்குத் தண்ணீரைக் கொண்டுபோய், அதைப் பத்திரமாக வெளியே கொண்டுவரும் வேலைதான்.

[திரையில்: மாடித் தளத்தின் குறுக்குவெட்டு வரைபடம்]

தண்ணீரை மேலே ஏற்ற மோட்டார் போதும். கழிவுநீர் இறங்குவதற்குத்தான் வாட்டம், அதாவது குழாயில் சரிவு, வேண்டும். நாற்பதுக்கு ஒன்று என்ற வாட்டத்தில் குழாய் போடுவதாக வைத்துக்கொண்டால், 4 மீட்டர் நீளத்துக்குக் குழாய் 10 செ.மீ. இறங்கியாக வேண்டும். கழிப்பறைக் குழாயின் விட்டமே ஏறக்குறைய 10 செ.மீ. இரண்டையும் கூட்டினால் 20 செ.மீ.; அதாவது, கிட்டத்தட்ட ஒரு சாண் உயரம். பழைய தளத்தை வெட்ட முடியாத இடத்தில் குளியலறையின் தரையே அந்த ஒரு சாண் மேலே எழும்பும். அறைக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரு படி முளைக்கும். நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வரும் விருந்தினர் அந்தப் படியில்தான் தடுக்கி விழுவார். குளியலறைகளை வெளிச்சுவரை ஒட்டியும், மாடியில் உள்ளதற்கு நேர் கீழே தரைத்தளத்தில் உள்ளது வரும்படியும் அமைத்தால் குழாயின் நீளம் குறைந்து, அந்தச் சிக்கலும் பெரும்பாலும் தீரும். ஆனால் அப்படி இடம் கிடைக்கும் அறைகளை மட்டும் எண்ணினால், ஆறு என்பது நான்காகக் குறையக்கூடும். அந்த நான்கை ஏற்றுக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

அடுத்தது எடை. 5 செ.மீ. கனத்துக்கு சிமென்ட் தளம் போட்டால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ சேருகிறது. 3 சதுர மீட்டர் குளியலறை என்றால், டைல்ஸும் தொட்டியும் வருவதற்கு முன்பே 300 கிலோ. மர உத்தரத்தின் மேல் நிற்கும் மாடியில் இதைச் செய்வதற்கு முன் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து, உத்தரத்தின் இரு முனைகளும் சுவருக்குள் நுழையும் இடத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும். ஈரத்தில் மரம் முதலில் உளுப்பது அங்கேதான். தளம் தயாரானதும், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், வடிகால் வாயை அடைத்து நீரைத் தேக்கி 24 மணி நேரம் விட்டு, கீழ்த்தளக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். பூச்சுக்காரர் அவசரப்படுத்துவார்; அந்த ஒரு நாளை விட்டுக்கொடுக்காதீர்கள்.

[திரையில்: உப்புப் பூத்த சுவர், நெருக்கத்தில்]

இந்தச் சுவரைப் பாருங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை வெள்ளையாக உப்புப் பூத்து, விரல் பட்டாலே காரை உதிர்கிறது. இதைப் பார்த்ததும் பலர் செய்வது, பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு சிமென்ட் பூசுவது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் தரையிலிருந்து உறிஞ்சும் ஈரத்தைத் தன் மேற்பரப்பு வழியாகவே காற்றில் விட்டுக் காய்கிறது. சிமென்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுவதால், ஈரம் இன்னும் மேலே ஏறி, இடுப்பு உயரத்தில் வெளிவரும். முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். பிறகு சுண்ணாம்பாலேயே பூச வேண்டும். சுண்ணாம்புப் பூச்சு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல உறிஞ்சி இறுகுவதால், வேலை முடிய நாள்கள் பிடிக்கும். கதவு, ஜன்னல்களின் பழைய வண்ணத்தில் ஈயம் கலந்திருக்கலாம் என்பதால், அதை உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது.

ஏழு மணிக்கு வருவோம். 2000 வாட் வாட்டர் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். நான்கு ஒன்றாக ஓடினால் 35 ஆம்பியர். மின்விளக்குக்கும் மின்விசிறிக்கும் போட்ட பழைய ஒயர் இதைத் தாங்காது. பல வீடுகளில் எர்த் இணைப்பே இருக்காது. முழு வயரிங்கையும் மாற்றி, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியைப் பொருத்துவது கட்டாயம். கேஸ் ஹீட்டரைக் குளியலறைக்குள் வைக்கவே வைக்காதீர்கள். அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை எச்சரிக்கைக் கருவி ஒவ்வோர் அறையிலும் வேண்டும்; வெளிக்கதவு உள்ளேயிருந்து சாவியில்லாமல் திறக்க வேண்டும்.

இவ்வளவையும் செய்யும்போது வீட்டின் முகம் மாறிவிடாதா என்ற கேள்வி எழும். பழம்பெரும் சின்னங்களுக்காக 1964இல் எழுதப்பட்ட வெனிஸ் சாசனம், ஒரு கட்டடம் பயன்பாட்டில் இருப்பது அதன் பாதுகாப்புக்கு உதவும், ஆனால் அந்தப் பயன்பாடு அதன் அமைப்பையோ அலங்காரத்தையோ மாற்றக் கூடாது என்கிறது. நம் வீடு நினைவுச் சின்னம் இல்லைதான்; ஆனாலும் குளியலறையைப் பழைய சுவரில் பதிக்காமல், கூரையைத் தொடாத தனிப் பெட்டி போல நிறுத்தினால், நாளை அதை எடுத்துவிட்டுப் பழைய அறையை அப்படியே மீட்கலாம்.

அறைகள் குறைவாக இருப்பதும் பெருங்குறை இல்லை. இத்தாலியின் ஃப்ரியூலி பகுதியில் 1976 நிலநடுக்கத்துக்குப் பின், சீரமைத்த வீடுகளைப் பயன்படுத்தும் முயற்சியிலிருந்து, ஓர் ஊரின் பல வீடுகளில் அறைகளும் ஓரிடத்தில் வரவேற்பும் என்ற ‘ஆல்பெர்கோ டிஃபூசோ’ முறை வளர்ந்தது.

பணம் போடுவதற்கு முன், வீட்டில் பங்குள்ள எல்லோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். லாபம் வரத் தொடங்கிய பிறகு அது கிடைக்காது. குடியிருப்புக்கான காப்பீடு கட்டண விருந்தினருக்குப் பொருந்தாமல் போகலாம் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

[திரையில்: கைக்கடிகாரம், 6:58]

எல்லாம் முடிந்ததும் உறவினர்களை அழைத்து ஒவ்வோர் அறையிலும் ஓர் இரவு தங்கச் சொல்லுங்கள். காலை ஏழு மணிக்கு அனைவரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறக்கட்டும், ஹீட்டரைப் போடட்டும். நீங்கள் மட்டும் மாடிக் குளியலறைக்கு நேர் கீழே நின்று, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருங்கள்.