சூடான எண்ணெய், உருகவே கூடாத மண்: கரண்டே இல்லாம வேலை செய்யுற 1,24,000 குழாய்கள்!

7.9 அளவுல ஒரு நிலநடுக்கம். பூமி பிளந்து ஒரு பக்கம் 14 அடி நகர்ந்து போயிருச்சு. அந்தப் பிளவுக்கு நேர் மேல நாலடி அகலத்துல ஒரு எண்ணெய்க் குழாய், உள்ள எண்ணெய் ஓடிக்கிட்டு இருக்கு. எவ்வளவு கொட்டியிருக்கும்னு நினைக்கிறீங்க? ஒரு சொட்டு கூட இல்ல. இதுக்கு முந்தின வருஷம்தான் அதே குழாய் மேல ஒருத்தன் ஃபுல் போதையில வேட்டைத் துப்பாக்கிய எடுத்து சுட்டான், ஒரு குண்டு ஓட்டை போட்டுருச்சு, 10 லட்சம் லிட்டருக்கு மேல எண்ணெய் பீய்ச்சி அடிச்சு காட்டுல கொட்டுச்சு.

வணக்கம் மக்களே. ரெண்டு கதையும் வருது, ஆனா நான் இந்த வீடியோ போடுறதுக்கு ரெண்டுமே காரணம் இல்ல. அந்தக் குழாய்தான் அமெரிக்காவோட அலாஸ்கா மாநிலத்துல ஓடுற டிரான்ஸ்-அலாஸ்கா பைப்லைன். அதைத் தாங்குற தூண் இருக்குல்ல, அதுக்குள்ள சொருகி வெச்சிருக்கிற ரெண்டு ஒல்லிக் குழாய் இருக்கு. அதைப் பத்திப் பேசத்தான் வந்தேன்.

(திரையில: அலாஸ்கா மேப், மேல இருந்து கீழ ஒரு சிவப்புக் கோடு)

பேக்ரவுண்டை வேகமா முடிச்சிடுறேன், இல்லன்னா கமெண்ட்ல வந்து கேப்பீங்க. 1968-ல அலாஸ்காவோட வடக்கு ஓரத்துல, ஆர்க்டிக் கடல் பக்கம், ப்ரூடோ பேங்கிற இடத்துல எண்ணெய் கிடைச்சுது. வட அமெரிக்காவுலயே பெரிய எண்ணெய் வயல். ஆனா அந்தக் கடல் வருஷத்துல பாதி நாளுக்கு மேல உறைஞ்சு கிடக்கும், கப்பல் வராது. வருஷம் முழுக்க ஐஸ் பிடிக்காத துறைமுகம்னா தெற்கே இருக்கிற வால்டீஸ். நடுவுல 800 மைல், நம்ம கணக்குல கிட்டத்தட்ட 1,290 கிலோமீட்டர், மூணு மலைத்தொடர், நூத்துக்கணக்குல ஆறும் ஓடையும். கம்பெனிகளுக்கு அவ்வளவு அவசரம், 1969-லயே 48 இன்ச் குழாய்க்கு ஜப்பான்ல ஆர்டர் போட்டு இறக்கிட்டாங்க. இறக்கின குழாய் வருஷக்கணக்கா யார்டுலயே கிடந்துச்சு.

ஏன் கிடந்துச்சுங்கிறதுதான் மேட்டர்.

அவங்களோட முதல் பிளான் ரொம்ப சிம்பிள். டெக்சாஸ்ல எப்படிப் பண்றோமோ அப்படியே பள்ளம் தோண்டு, குழாயை இறக்கு, மண்ணைப் போட்டு மூடு, போயிட்டே இரு. ஆனா அலாஸ்காவுல இருக்கிறது பெர்மாஃப்ராஸ்ட். கோடையில கூட உருகாம வருஷக்கணக்கா உறைஞ்சே கிடக்கிற மண்ணு, சில இடத்துல மண்ண விட ஐஸ்தான் ஜாஸ்தி. உறைஞ்சிருக்கிற வரைக்கும் பாறை மாதிரி நிக்கும், உருகிடுச்சுன்னா வெறும் சேறு. இதுக்குள்ள போகப்போற எண்ணெயோ பூமிக்கு அடியில இருந்து சூடா வருது, குழாய்ல ஏத்தும்போதும் சூடாத்தான் இருக்கும்.

1970-ல அமெரிக்க புவியியல் ஆய்வு மையத்துல இருந்த ஆர்தர் லாக்கன்புரூக்னு ஒரு விஞ்ஞானி உக்காந்து கணக்குப் போட்டாரு. நாலடிக் குழாயை ஆறடி ஆழத்துல புதைச்சு 80 டிகிரியில ஓட விட்டா என்ன ஆகும்? சில வருஷத்துலயே குழாயைச் சுத்தி 20-ல இருந்து 30 அடி அகலத்துக்கு மண்ணு உருகிப் போயிடும், அது அதோட நிக்காது, வருஷம் ஆக ஆக இன்னும் கீழ போய்க்கிட்டே இருக்கும். சரிவுல இருக்கிற இடத்துல அந்தச் சேறு அப்படியே வழிஞ்சு ஓட ஆரம்பிக்கலாம், தாங்குறதுக்கு ஆள் இல்லாம குழாய் தொங்கும், உடையும். சின்ன அறிக்கைதான் மக்களே, ஆனா முதல் பிளானைக் காலி பண்ணது அதுதான்னு நான் சொல்லுவேன்.

அதே வருஷம் சுற்றுச்சூழல் அமைப்புகள் கேஸ் போட்டு கோர்ட்ல தடை வாங்குனாங்க. அங்க காலங்காலமா இருக்கிற பூர்வகுடிகளும் 'இது எங்க நிலம், எங்ககிட்ட கேட்டீங்களா'ன்னு போனாங்க. 1971-ல அவங்களோட நில உரிமைக்குத் தனிச் சட்டம் வந்துச்சு. 1973-ல அமெரிக்க செனட்ல, இந்தக் கேஸுங்களைத் தாண்டி பைப்லைனைக் கட்ட விடலாமான்னு ஓட்டு, 49-க்கு 49, துணை ஜனாதிபதி ஸ்பைரோ ஆக்னியூ ஒரு ஓட்டுப் போட்டு பைப்லைன் பக்கம் தள்ளிவிட்டாரு, அக்டோபர்ல அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்துனதும் அமெரிக்காவுல பெட்ரோல் பங்க்ல கியூ, நவம்பர்லயே ஜனாதிபதி நிக்சன் அனுமதிச் சட்டத்துல கையெழுத்துப் போட்டுட்டாரு.

இந்த மாதிரி கேஸ் போடுறவங்களை 'வளர்ச்சிக்கு எதிரி'ன்னு நம்ம ஊர்லயும் ஈஸியா சொல்லிடுவாங்க. என் கருத்தைக் கேட்டா, அந்த நாலு வருஷத் தடைதான் இந்தக் குழாயைக் காப்பாத்துச்சு. 1970-லயே பர்மிஷன் கிடைச்சிருந்தா அவசரத்துல பெரும்பாலும் புதைச்சிருப்பாங்க, இன்னிக்கு நான் வேற மாதிரி வீடியோ போட்டிருப்பேன். ஒத்துக்க மாட்டீங்கன்னா கீழ வந்து திட்டுங்க, பரவாயில்ல.

(திரையில: பனிக்கு மேல வளைஞ்சு வளைஞ்சு போற குழாய், கீழ ஜோடி ஜோடியா தூண்கள்)

சரி, உருகுனா சேறாகுற மண்ணுல புதைக்கக் கூடாதுன்னு ஆயிடுச்சு. அதனால மொத்த தூரத்துல பாதிக்கு மேல, சுமார் 676 கிலோமீட்டர், குழாயைத் தரைக்கு மேல தூக்கிட்டாங்க, மிச்சத்தை உருகுனாலும் பிரச்சினை இல்லாத மண்ணுல புதைச்சாங்க. ஜோடி ஜோடியா 78,000 தூண். பிரச்சினை முடிஞ்சுதா? இல்ல. தூணை எங்க நடுவீங்க, அதே உறைஞ்ச மண்ணுலதானே? மேல சூடான குழாய், சுத்தி இருக்கிற செடிகொடியெல்லாம் வேலையில அழிஞ்சு போச்சு, கோடையில இருபத்துநாலு மணி நேரமும் வெயில். தூணைச் சுத்தி மண்ணு கொஞ்சம் உருகுனாலும் போதும், ஒரு தூண் இறங்கும், ஒரு தூண் மேல எழும்பும், குழாய் கோணிக்கும்.

இப்போதான் நம்ம ஹீரோ வர்றாரு. பெரும்பாலான தூண்களுக்குள்ள ரெண்டு ரெண்டா ஒல்லிக் குழாய்களை இறக்கி வெச்சாங்க, ரெண்டு இன்ச் தடிமன்தான். அடிப்பக்கம் மண்ணுக்குள்ள ஆழமா இருக்கும், மேல்பக்கம் தூணுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், அந்தத் தலையில அலுமினியத் தகடு வரிவரியா வெச்சிருப்பாங்க. உள்ள கொஞ்சம் அமோனியா ஊத்தி சீல் பண்ணிட்டாங்க. அவ்வளவுதான். மோட்டார் இல்ல, பம்ப் இல்ல, ஒயர் இல்ல, சுவிட்ச் இல்ல.

குளிர்காலத்துல வெளிக்காத்து மைனஸ் 30, மைனஸ் 40. அடியில மண்ணு வெறும் மைனஸ் 1, மைனஸ் 2. நமக்கு ரெண்டுமே குளிர்தான், ஆனா அமோனியாவுக்கு அந்த மண்ணு சூடு. அடியில இருக்கிற அமோனியா மண்ணோட சூட்டை வாங்கிக்கிட்டு ஆவியாகி மேல போகும், மேல தகட்டுல குளிர்காத்து அடிச்சு அந்தச் சூட்டைப் பிடுங்கிக்கும், ஆவி மறுபடி திரவமாகி சுவத்துல வழிஞ்சு கீழ வரும். இட்லிச் சட்டி மூடியைத் தூக்குனா உள்பக்கம் ஆவி தண்ணியாகி சொட்டுமே, அந்த வேலையேதான், அடுப்புக்குப் பதிலா இங்க உறைஞ்ச மண்ணு. இப்படி ராத்திரி பகலா குளிர்காலம் முழுக்க மண்ணுல இருந்து சூட்டை உறிஞ்சி உறிஞ்சி வானத்துல விட்டுக்கிட்டே இருக்கும், மண்ணு இன்னும் இறுகிக்கிட்டே போகும்.

இப்போ கேளுங்க, கோடை வந்தா? மேல சூடு, கீழ குளிர். மேல போன ஆவி திரவமாகாது, கீழ இருக்கிற அமோனியா அப்படியே தேமேன்னு உக்காந்துக்கும். வெளிச் சூடு இந்த வழியா கீழ இறங்கவே முடியாது. ஒன்வே டிராஃபிக்! யாரும் ஆஃப் பண்ண வேண்டாம், ஆன் பண்ண வேண்டாம், வானிலையே சுவிட்ச். குளிர்காலத்துல சேத்து வெச்ச குளிரை வெச்சு மண்ணு கோடையை ஓட்டிடும். மொத்தம் சுமார் 1,24,000 குழாய், 1977-ல இருந்து நின்னுக்கிட்டு இருக்கு. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல, சத்தியமா.

இதுலயும் வியாதி உண்டு. வருஷக்கணக்குல சில குழாய்க்குள்ள ஹைட்ரஜன் வாயு சேர்ந்து தலைப்பகுதியை அடைச்சிடும், அமோனியா ஆவிக்கு மேல இடமில்லாம போகும். அதை எப்படிக் கண்டுபிடிப்பாங்க? இன்ஃப்ராரெட் கேமரா. நல்லா வேலை செய்யுற தலை கதகதன்னு வெளிச்சமாத் தெரியும், அடைச்ச தலை இருட்டா இருக்கும்.

இன்னொண்ணு, உருகுற மண்ணுலயும் சில இடத்துல ரோடு குறுக்க வருது, மான் கூட்டம் கடக்குது, அங்க புதைச்சே ஆகணும். அந்தக் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் குழாய் பக்கத்துலயே உப்புத் தண்ணியை ஜில்லுன்னு ஓட விட்டு மண்ணை உறைய வெச்சிருக்காங்க, இதுக்குக் கரண்ட் செலவு உண்டு.

கட்டுமானக் கதையை ஓடிப்போய் சொல்லிடுறேன். 1974-ல வடக்க சாமான் கொண்டு போறதுக்கே 360 மைலுக்கு ஒரு ரோடு, 154 நாள்ல போட்டாங்க. 1975 மார்ச்ல முதல் குழாய், 1977 ஜூன் 20 முதல் எண்ணெய், செலவு 800 கோடி டாலர், உச்சத்துல 28,000 பேர் வேலை, முப்பதுக்கு மேல தொழிலாளிங்க உயிர் போச்சு. அமெரிக்காவுலயே பதிவான மோசமான குளிர், மைனஸ் 62 டிகிரி, 1971-ல பதிவானது இந்த பைப்லைனுக்காகப் போட்ட ப்ராஸ்பெக்ட் க்ரீக் கேம்ப்லதான். அந்த மாதிரி ஊர்ல ஒரு லட்சத்துக்கு மேல வெல்டிங் ஜாயின்ட். ஒவ்வொண்ணையும் எக்ஸ்ரே எடுக்கணும்னு ரூல், ஆனா எக்ஸ்ரேயிலயே தில்லாலங்கடி! ஒரே படத்தை வேற ஜாயின்ட்டுக்கும் காட்டியிருக்காங்க. ஆடிட்ல 3,955 ஜாயின்ட் சந்தேகத்துல மாட்டி, புதைச்சதை எல்லாம் தோண்டி எடுத்துப் பாக்க வேண்டியதாச்சு.

(திரையில: டெனாலி பிளவு, வானத்துல இருந்து எடுத்த படம்)

இப்போ நிலநடுக்கம். தரைக்கு மேல போற குழாய் நேர்கோட்டுல போகாது, நெளிஞ்சு நெளிஞ்சுதான் போகும். சூட்டுல குழாய் நீளும், குளிர்ல சுருங்கும், நேரா போட்டா எங்கயாவது பிதுங்கிடும், நெளிஞ்சு இருந்தா பக்கவாட்டுல அசைஞ்சு சமாளிச்சுக்கும். அதனால குழாயை தூணோட போல்ட் போட்டு இறுக்கல, குறுக்குக் கட்டை மேல வழுக்குற மாதிரி உக்கார வெச்சிருக்காங்க. டெனாலிங்கிற நிலநடுக்கப் பிளவைக் கடக்கிற இடத்துல இன்னும் ஒரு படி மேல போய், தரையில நீள நீளமா உத்திரம் போட்டு, குழாய்க்கு அடியில டெஃப்லான் பூசின பாதம் மாட்டி, பக்கவாட்டுல 20 அடி, மேலகீழ 5 அடி வரைக்கும் தாங்குற மாதிரி டிசைன் பண்ணாங்க. அப்போ நிறைய பேருக்கு அது வெட்டிச் செலவாத்தான் தெரிஞ்சிருக்கும். 2002 நவம்பர் 3, 7.9. பூமி 14 அடி நகர்ந்துச்சு, குழாய் வழுக்கி நகர்ந்துக்கிச்சு. சில தாங்கிகள் உடைஞ்சுது, செக் பண்றதுக்காக ரெண்டு மூணு நாள் நிறுத்துனாங்க, மறுபடி ஓட விட்டாங்க. புவியியல் ஆள் சொன்னதை இன்ஜினியர் காது கொடுத்துக் கேட்டா என்ன ஆகும்கிறதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

அந்தத் துப்பாக்கி ஆளுக்கு வருவோம். 2001 அக்டோபர், அலாஸ்காவுல லிவன்குட்ங்கிற ஊர் பக்கம். ஓட்டையை அடைக்கவே ஒன்றரை நாள் ஆச்சு, ஏன்னா உள்ள இருக்கிற அழுத்தத்துல எண்ணெய் பீய்ச்சி அடிக்குது, கிட்ட போனா தீப்பிடிக்கிற பயம். ஆள் ஜெயிலுக்குப் போனான். பூமிக்கு டிசைன் பண்ணலாம், குடிகாரனுக்கு எப்படிங்க டிசைன் பண்றது?

கடல்ல எண்ணெய் கொட்டுன எக்ஸான் வால்டீஸ் கப்பல் விபத்து தெரியும்ல, 1989, அந்தக் கப்பல் எண்ணெய் ஏத்துனது இந்தக் குழாயோட முடிவுலதான். அது பெரிய கதை, தனி வீடியோ கேட்டீங்கன்னா போடுறேன்.

இன்னிக்கு இந்தக் குழாய்க்கு வேற மாதிரி சிக்கல். 1988-ல தினம் 20 லட்சம் பீப்பாய்க்கு மேல ஓடுச்சு, இப்போ 5 லட்சத்துக்கும் கம்மி. வயல்ல எண்ணெய் குறையுது. முன்னாடி நாலஞ்சு நாள்ல வால்டீஸ் போய்ச் சேர்ந்த எண்ணெய், இப்போ ரெண்டு வாரத்துக்கு மேல ஊர்ந்து போகுது. போற வழியிலயே ஆறிடும், மெழுகு படியும், எண்ணெயோட கலந்த தண்ணி அடியில தங்கி உறையப் பாக்கும். சூடு ஜாஸ்தின்னு பயந்து கட்டுன குழாய்ல இப்போ அங்கங்க சூடு பண்ணி விடுறாங்க!

வெளிய என்னடான்னா அலாஸ்காவே சூடாகிட்டு வருது. அங்க ஃபேர்பேங்க்ஸ்ங்கிற ஊருக்கு வடக்க ஒரு சரிவுல மண்ணு இளகி தூண்கள் சாய ஆரம்பிச்சுது, அங்க சுமார் 100 புது அமோனியாக் குழாய் நட வேண்டி வந்துச்சு. குளிர்காலம் சுருங்கச் சுருங்க, இந்தக் குழாய்கள் சூட்டை வெளிய தள்ளக் கிடைக்கிற நாளும் குறையும்.

குழாய்க்கு எண்ணெய் வேணும்னு வில்லோன்னு ஒரு புது வயலுக்கு 2023-ல அமெரிக்க அரசு அனுமதி கொடுத்திருக்கு, உச்சத்துல தினம் 1,80,000 பீப்பாய் வரும்னு சொல்றாங்க. அந்த எண்ணெயை எரிச்சா பூமி இன்னும் சூடாகும், தூண் நிக்கிற மண்ணு இன்னும் இளகும். ஆனா அந்த எண்ணெய் வரலன்னா குழாய் சீக்கிரமே நின்னுடும். இன்னொரு பக்கம், எண்ணெய் வருமானத்துல இருந்து அலாஸ்கா அரசு மக்களுக்கு வருஷாவருஷம் பணம் கொடுக்குது, 1982-ல முதல் தடவையே தலைக்கு 1,000 டாலர். அங்க இருக்கிற ஒருத்தர் குழாயை மூடுங்கன்னு ஓட்டுப் போடுவாரா? நீங்களா இருந்தா போடுவீங்களா? நேர்மையா கமெண்ட்ல சொல்லுங்க, நான் ஒவ்வொண்ணா படிக்கிறேன்.