காதலிக்கலாம், கரை சேரக் கூடாது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘ஹாலிவுட்டின் மௌனக் காதல் படங்கள் பிற இனத்தாருக்கு இடம் கொடுத்தனவா, மறுத்தனவா?’ மறுத்தன என்று சொல்ல வந்திருக்கிறேன்.

முன்னால் பேசிய தம்பி, ஜப்பானிய நடிகர் செஸ்ஸூ ஹயகவாவை நட்சத்திரமாக்கியதே அந்தப் படங்கள்தான் என்று அடித்துப் பேசினார். உண்மைதான் தம்பி. ஆனால் எந்த வேடத்தில்? 1915இல் செசில் பி. டெமில் எடுத்த ‘தி சீட்’ படத்தில், தன்னிடம் கடன் வாங்கிய வெள்ளைக்காரப் பெண் இணங்க மறுத்ததும், மாட்டுக்குச் சூடு போடுவது போல அவள் தோளில் முத்திரை குத்துகிறவராக! அமெரிக்காவிலிருந்த ஜப்பானியர்கள் கொதித்தார்கள். 1918இல் படம் மறுபடி வந்தபோது அந்தப் பாத்திரம் பர்மாக்காரராகிவிட்டது. மௌனப்படம் அல்லவா, திரையில் வசனம் காட்டுகிற எழுத்து அட்டையை மாற்றினால் வேலை முடிந்தது. அதே முகம், அதே சூட்டுக்கோல், ஊர் மட்டும் வேறு. ஆளை உட்காரவைத்துவிட்டு அவர் யார் என்பதை நீங்களே எழுதி ஒட்டுவதற்குப் பெயர் இடம் கொடுப்பதா?

1919இல் இயக்குநர் கிரிஃபித் எடுத்த ‘புரோக்கன் பிளாசம்ஸ்’ சீனரின் மென்மையைக் காட்டியது என்றார்கள். காட்டியது. அந்தச் சீனராக நடித்தவர் ரிச்சர்ட் பார்தெல்மெஸ் என்ற வெள்ளைக்காரர்! அவருக்கே நாயகியை முத்தமிட அனுமதியில்லை. நெருங்கிப் போய்ப் பின்வாங்குகிறார். முடிவில் இருவரும் பிணம்.

1921இல் வந்த ‘தி ஷேக்’ இன்னும் வேடிக்கை. அரபுத் தலைவன் வெள்ளைக்காரியைத் தூக்கிப்போகிறான், அவளும் மனம் மாறுகிறாள். கடைசியில் பார்த்தால் அவன் அரபியே இல்லை. அப்பா ஆங்கிலேயர், அம்மா ஸ்பானியர். அப்புறம்தான் காதல் கைகூடுகிறது. சாதி தெரிந்த பிறகு சம்பந்தம் பேசுகிற கதை நமக்குப் புதிதா என்ன!

‘தி டோல் ஆஃப் தி சீ’, 1922. டெக்னிகலர் கம்பெனி இரண்டே நிறங்களை வைத்து எடுத்த வண்ணப்படம். நாயகி அன்னா மே வாங், லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த சீனப் பெண், வயது பதினேழு. இங்கே நிஜமான சீன முகம்தான், ஒத்துக்கொள்கிறேன். கரை ஒதுங்கிய அமெரிக்கனை அவள் காப்பாற்றுகிறாள். அவன் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுத் தனியே போகிறான். திரும்பும்போது வெள்ளைக்கார மனைவியோடு வருகிறான். நாயகி தான் பெற்ற பிள்ளையை அவர்கள் கையில் ஒப்படைத்துவிட்டுக் கடலுக்குள் நடந்து போகிறாள். படத்தைப் பார்த்துவிட்டு எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. பிள்ளைக்கு இடம் உண்டு, பெற்றவளுக்கு இல்லை.

‘காலம் அப்படி, சட்டம் அப்படி’ என்கிறது எதிரணி. கலிபோர்னியாவில் வெள்ளையரும் ஆசியரும் மணந்துகொள்ள 1948 வரை தடை இருந்தது, சரி. ஆனால் சட்டம் கல்யாணத்தைத்தான் தடுத்தது ஐயா, கடலில் இறங்கச் சொல்லவில்லையே! சீனர் வேடத்துக்குச் சீனரை எடுக்காதே என்றும் சொல்லவில்லையே!

ஹயகவாவுக்கே இது புரிந்திருக்க வேண்டும். 1918இல் தனிக் கம்பெனி தொடங்கினார். மறு வருடம் ‘தி டிராகன் பெயின்டர்’. அதில் நாயகனும் நாயகியும் கடைசியில் சேர்ந்தே விடுகிறார்கள்! நாயகி சுரு அவோகி, நிஜத்திலும் அவர் மனைவி. எதிரணி சொல்கிற அந்த ‘இடம்’ எங்கே கிடைத்தது, பார்த்தீர்களா நடுவர் அவர்களே? சொந்தக் கம்பெனியில், சொந்தப் பெண்டாட்டியோடு!