டவாலி உங்கள் பெயரைக் கூப்பிடும்போது

(கோர்ட்டில் சாட்சி சொல்வது பற்றி மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். டவாலி என்பவர் கோர்ட்டில் பெயரைக் கூப்பிடும் ஊழியர்.)

பெரியவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

மீனாட்சியம்மன் கோயிலில் வன்னி மரம், கிணறு, இலிங்கம் மூன்றும் கல்லில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். திருப்புறம்பயத்தில் ஒரு பெண்ணுக்கு நடந்த கல்யாணத்துக்கு அவைதான் சாட்சி. மதுரைக்கு வந்ததும் அவள் கணவனின் மூத்த மனைவி, "யார் பார்த்தது?" என்று கேட்டுவிட்டாள். இவள் அழுது முறையிட, மூன்றும் மதுரைக்கே வந்து நின்றன என்கிறது நம் தலபுராணம். கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்த காலமெல்லாம் எனக்கு அந்தக் கதைதான் நினைவுக்கு வரும். சம்மன் என்றதும் ஊரைவிட்டே கிளம்பிப் போனவர்களை அவ்வளவு பார்த்திருக்கிறேன்.

ஒரு காலத்தில் நம் நாட்டிலும் ஜூரி இருந்தது. ஊர்க்காரர்களை உட்கார வைத்து, குற்றவாளியா இல்லையா என்று கேட்பார்கள். 1959-ல் பம்பாயில் நடந்த நானாவதி வழக்கில் ஒன்பது ஜூரிகளில் எட்டுப் பேர் குற்றவாளி இல்லை என்றார்கள். நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். பிறகு 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரி முறைக்கே இடமில்லாமல் போனது. ஆகவே இன்று குற்ற வழக்கில் சாதாரணக் குடிமகனுக்கு நீதிமன்றம் தரும் பெரிய வேலை சாட்சி சொல்வதுதான். அதைச் சின்ன வேலையாக நான் நினைக்கவில்லை.

முதலில் போலீஸ் விசாரணை. சாட்சியாக உங்களை ஸ்டேஷனுக்கு அழைப்பதென்றால் எழுத்து மூலம் அழைக்க வேண்டும். பெண்கள், 15 வயதுக்குக் குறைந்த பையன்கள், 60 வயதைத் தாண்டிய ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயில் இருப்பவர்கள் ஆகியோரை வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்வது இது. அங்கே நீங்கள் சொல்வதை எழுதிக்கொள்வார்கள். அந்த வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. மகஜர், அதாவது சம்பவ இடத்தில் பார்த்ததையும் கைப்பற்றியதையும் போலீஸ் எழுதும் பதிவு, வேறு. அதில் சாட்சியாகக் கையெழுத்துக் கேட்டால், எழுதியிருப்பதை முழுக்க வாசித்துவிட்டுப் போடுங்கள். வெற்றுத்தாளில் போடவே போடாதீர்கள்.

அப்புறம் கோர்ட் சம்மன். எந்தக் கோர்ட், என்ன தேதி என்று நிதானமாகப் பாருங்கள். அண்ணா பஸ் நிலையம் பக்கத்தில் இருக்கும் மாவட்டக் கோர்ட்டுக்கு வர வேண்டியவர் ஒத்தக்கடை ஹைகோர்ட் வாசலில் நின்ற கதை உண்டு. போகாமல் இருந்தால் வாரண்ட் வரலாம், அபராதமும் உண்டு. போனால் வாய்தா ஆகி, வழக்கு வேறு தேதிக்குத் தள்ளிப் போயிருக்கலாம். அது வேதனைதான், ஒரு நாள் கூலி போய்விடும். சாட்சிப் படி உண்டு, கேட்டு வாங்குங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

கூண்டில் ஏறியதும் கடவுள் பெயரால் சத்தியம் செய்யலாம், உளமார உறுதியும் சொல்லலாம். முதலில் அரசு வழக்கறிஞர் கேட்பார், பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை செய்வார். பயம் வருவது இங்கேதான். உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவரை, "எத்தனை மீட்டர் தூரத்தில் பார்த்தீர்கள்?" என்று வக்கீல் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த அம்மா, "மீட்டரு எனக்குத் தெரியாதுய்யா. இங்க நிக்கிறேன்ல, அந்த வாசப்படி தூரம்" என்றார். நீதிபதி அதையே எழுதச் சொன்னார். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னால் போதும். மறந்திருந்தால் மறந்துவிட்டது என்று சொல்லுங்கள். தெரியாது என்பதும் முழுப் பதில்தான். யாராவது சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தால் மூன்றாவது கேள்வியிலேயே தடுமாறுவீர்கள். நீதிமன்றத்தில் தெரிந்தே பொய் சொன்னால் ஏழு ஆண்டுவரை சிறை. முடிந்ததும் எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இங்கிலீஷில் இருந்தால் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தப்பாக எழுதியிருந்தால் கையெழுத்துப் போடும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மிரட்டல் வந்தால்? இந்த ஊரில் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. நம் மேலூர் வட்டத்து மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்த ஐந்து பேரும் கொல்லப்பட்டார்கள். வழக்கு சேலத்தில் நடந்தது. தப்பிப் பிழைத்தவர்கள் கூண்டேறிச் சாட்சி சொன்னார்கள். 2001-ல் பதினேழு பேருக்கு ஆயுள் தண்டனை வந்தது. அன்று அவர்களுக்குச் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்று இல்லை. இன்று இருக்கிறது. 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற அந்தத் திட்டப்படி அரசு வழக்கறிஞர் மூலம் மனு கொடுக்கலாம். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு, ஆபத்து எவ்வளவு என்று போலீஸிடம் அறிக்கை வாங்கி முடிவு செய்யும். வீட்டுக்குக் காவல் போடலாம், போன் எண்ணை மாற்றித் தரலாம், கோர்ட்டுக்கு வண்டியில் கூட்டிப் போய் விடலாம். மிரட்டலை மனதுக்குள் வைத்துக்கொண்டு கூண்டில் ஏறி, முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லும் பிறழ் சாட்சியாக ஆகாதீர்கள். முதலில் மனுவைக் கொடுங்கள்.

சரி, முன்வரிசையில் ஒரு அத்தை சம்மனைக் கையிலேயே வைத்திருக்கிறார். கொடுங்கத்தே, தேதியைப் பார்ப்போம்.