மூக்கி போனால் மூக்கைச் சிந்தக் கூடாதா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும் பாஸ்டன் சொந்தங்களே, வணக்கம், பொங்கல் வாழ்த்துகள். எட்டு நிமிடம்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். வணக்கம் இதோடு போதும்.

தலைப்பு, "நம் ஊர் பேஸ்பால் அணி ரெட் சாக்ஸை நடத்த வேண்டியது கணக்கா, மனசா?" மனசு என்று பேச வந்திருக்கிறேன். ஒரு மாதமாகக் குறிப்பு எடுத்தேன். சம்பளப் பட்டியல், மொத்தச் சம்பளம் வரம்பைத் தாண்டினால் அணி கட்டுகிற ஆடம்பர வரி, யாரைக் கொடுத்து யாரை வாங்கினார்கள் என்று பதினோரு பக்கம். அதை எல்லாம் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். காரணம், எனக்கு முன்னால் பேசிய தம்பி.

2020-ல் ரெட் சாக்ஸ் கைவிட்ட நட்சத்திர ஆட்டக்காரர் மூக்கி பெட்ஸைப் பற்றித் தம்பி என்ன சொன்னார்? "மூக்கி பெட்ஸ் போய் ஆறு வருஷம் ஆகப்போகுது. எதிரணிக்காரங்க இன்னும் மூக்கைச் சிந்திக்கிட்டிருக்காங்க. யாராவது ஒரு டிஷ்யூ பெட்டி குடுங்க" என்றார். நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். நடுவர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சிரித்தார், நான் பார்த்தேன் ஐயா. மூன்றாவது வரிசையில் என் மனைவியும் சிரித்தாள். அதை வீட்டில் போய்ப் பேசிக்கொள்கிறேன்.

தம்பி, மூக்கை வைத்து என்னிடம் பேசலாமா? நான் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் "மூக்கையா" என்று கூப்பிட்டால் தெருவுக்கு இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

2018-ல் அம்மா எங்களோடு ஆறு மாதம் இருந்துவிட்டுப் போக வந்தார். முதல் மாதம் சீரியல். இரண்டாவது மாதமும் சீரியல். மூன்றாவது மாதம், அப்போது ஒன்பது வயதான என் மகன், அப்பத்தாவுக்கு பேஸ்பால் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான். அவனுடைய தமிழ் உங்களுக்குத் தெரியும்; உங்கள் பிள்ளைகள் பேசுகிற அதே தமிழ்தான்.

"அப்பத்தா, அடிச்சா ஓடணும். அடிக்கலைன்னா நிக்கணும்."

"அந்தா ஒருத்தன் அடிக்காமலே ஓடுறானே?"

"அது ஸ்டீல்."

"ஸ்டீலுன்னா?"

பையன் யோசித்தான். "திருட்டு, அப்பத்தா."

"களவாணிப் பயலுக்கா இம்புட்டுப் பேரு கை தட்டுறாக!"

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் திரையில் ஐம்பதாம் நம்பர் சட்டையோடு மூக்கி பெட்ஸ் வந்து நின்றார். ஐந்தடி ஒன்பது அங்குலம். அந்தக் கூட்டத்தில் அது குட்டைதான்.

"இந்தப் பொடியன் பேரு என்னடா?"

"மூக்கி."

"மூக்கையாவா?"

"மூக்கி, அப்பத்தா."

"அதத்தான்டா நானும் சொல்றேன். மூக்கையா." என் பக்கம் திரும்பினார். "ஏன்யா, இவன் ஆத்தாளுக்கும் மூத்த பிள்ளைக தங்கலையா?"

மதுரைக்குத் தெற்கே இருப்பவர்கள் சிரிக்கிறீர்கள். சென்னைக்காரர்கள் முழிக்கிறீர்கள். உங்களுக்காகச் சொல்கிறேன். முதல் பிள்ளை, இரண்டாம் பிள்ளை பிறந்து பிறந்து இறந்துபோனால், அடுத்த பிள்ளைக்கு மூக்குக் குத்தி மூக்கன், மூக்கையா, மூக்கம்மா என்று பெயர் வைப்பார்கள். அந்தப் பிள்ளையாவது வீட்டில் தங்கட்டும் என்பதற்காக.

நான் அம்மாவிடம் எடுத்துச் சொன்னேன். "அதெல்லாம் இல்லம்மா. அவன் முழுப் பேரு மார்கஸ் லின் பெட்ஸ். முதல் எழுத்து மூணையும் சேர்த்தா எம்.எல்.பி., இந்த விளையாட்டு லீக்கோட பேரு வரும். மூக்கிங்கிறது ஒரு கூடைப்பந்துக்காரர் பேரைப் பார்த்து வெச்சது." அம்மா காதிலேயே வாங்கவில்லை. மூக்குக் குத்தியிருக்கிறதா என்று பார்க்க டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். "ஹெல்மெட்டு மறைக்குது" என்று திரும்பி வந்து உட்கார்ந்தார். "காரணமில்லாம எந்த ஆத்தாளும் மூக்கையான்னு வெக்க மாட்டா. தங்கணும்னுதான் வெச்சிருக்கா."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் மூக்கையா. அந்த வருடம் மூக்கையாதான் அமெரிக்கன் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர். நம் அணி 108 ஆட்டம் ஜெயித்தது. அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியோடு கோப்பைக்கான உலகத் தொடர். மூன்றாவது ஆட்டம் 26-ந் தேதி வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஆரம்பித்தது. ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டியது பதினெட்டு இன்னிங்ஸ் போனது. ஏழு மணி இருபது நிமிடம்! நான் பதினொன்றாவது இன்னிங்ஸில் படுத்துவிட்டேன். பையன் பதின்மூன்றில் சோபாவிலேயே சாய்ந்துவிட்டான். அம்மா? ஊர்த் திருவிழாவில் விடிய விடிய நாடகம் பார்த்த உடம்பு. போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்.

மூன்றரை மணிக்கு எழுந்து வந்து பார்த்தால் டிவியை வெறித்துக்கொண்டிருக்கிறார்.

"என்னம்மா, ஜெயிச்சமா?"

"இல்லைய்யா. ஒரு பய கடேசியில தூக்கி அடிச்சுட்டான். மூக்கையாவுக்கும் இன்னைக்கு ஒண்ணும் விழுகலை. ஆனா ஒருத்தன் எறிஞ்சான் பாரு, ஒத்த ஆளா, எறிஞ்சுக்கிட்டே இருந்தான். அவனுக்கு ஒரு வாய் காப்பி குடுக்க அங்க நாதியில்லை."

அவர்தான் நேதன் எவால்டி. பன்னிரண்டாவது இன்னிங்ஸில் உள்ளே வந்து 97 பந்து எறிந்தார். ஜூலையில் டாம்பா பே அணியிடமிருந்து வாங்கிய ஆள். தம்பி கை தூக்குகிறார், "வாங்கினது கணக்குதானே" என்கிறார். சரி தம்பி, வாங்கியது கணக்கு. நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஏற்கெனவே இரண்டு முறை முழங்கை அறுவை சிகிச்சை ஆன கை. அந்த சீசனோடு ஒப்பந்தம் முடிகிறது. கை போனால் அடுத்த ஒப்பந்தமும் போச்சு. கணக்குப் பார்த்திருந்தால் முப்பதாவது பந்திலேயே "எனக்கு முடியலை" என்று போயிருப்பார். தோற்ற ஆட்டம்தான். ஆனால் ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறைக்குப் போனபோது கூட ஆடியவர்கள் அழுதிருக்கிறார்கள். அவர்களுக்கும் டிஷ்யூ பெட்டி அனுப்பலாமா தம்பி?

அதற்கு இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை கோப்பை. டாட்ஜர்ஸின் கெர்ஷா எறிந்த பந்தில் மூக்கையா ஒரு ஹோம் ரன். அம்மா சர்க்கரைப் பொங்கல் வைத்தார். ஐப்பசியில் பொங்கல் வைத்த ஒரே வீடு எங்கள் வீடாகத்தான் இருக்கும்.

நடுவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். வாதத்துக்கு வந்துவிடுகிறேன் ஐயா.

2020 பிப்ரவரி. இன்னும் ஒரு வருடத்தில் ஒப்பந்தம் முடியப்போகிறது, கேட்கிற சம்பளம் கட்டுப்படியாகாது, ஆடம்பர வரி வேறு என்று சொல்லி மூக்கியை டாட்ஜர்ஸுக்கு அனுப்பினார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் சீர் கொடுப்பது வழக்கம். நம் நிர்வாகம் பிள்ளையை அனுப்பி, டேவிட் பிரைஸையும் சேர்த்து அனுப்பி, அந்த பிரைஸுக்கான சம்பளத்தில் பாதியையும் சீராகக் கொடுத்தது.

பதிலுக்கு வந்தவர்கள் மூன்று பேர். அலெக்ஸ் வெர்டூகோ, கானர் வாங், அப்புறம் ஒரு பையன், ஜீட்டர் டவுன்ஸ். அவனுக்கு ஏன் ஜீட்டர் என்று பெயர்? நம் பரம எதிரியான யாங்கீஸ் அணிக்குக் கேப்டனாக இருந்த டெரிக் ஜீட்டர் மேல் இருந்த பிரியத்தில் பெற்றவர்கள் வைத்த பெயர்! பாஸ்டனில்! வாசலில் பாம்பு வருகிறது என்று கதவைச் சாத்துகிற ஊரில், பாம்பாட்டி பெயர் வைத்த பிள்ளையைத் தத்தெடுத்தோம். அவனையும் இரண்டே முக்கால் வருடத்தில் வேண்டாம் என்று விட்டார்கள். வெர்டூகோவை 2023 டிசம்பரில் யாருக்குக் கொடுத்தார்கள்? யாங்கீஸுக்கே. கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கினவனைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மூக்கை விற்று மூக்குத்தி வாங்கி, அந்த மூக்குத்தியையும் பங்காளி வீட்டில் கொடுத்துவிட்டு வந்தவர்களை இப்போதுதான் பார்க்கிறோம்.

டாட்ஜர்ஸ் என்ன செய்தார்கள்? 2020 ஜூலையிலேயே பன்னிரண்டு வருட ஒப்பந்தம், 36.5 கோடி டாலர். "இரு, இது உன் வீடு" என்றார்கள். 2020-ல் கோப்பை. 2024-ல் கோப்பை. 2025 நவம்பர் 1-ந் தேதி டொரொன்டோவில் ஏழாவது ஆட்டம், பதினொன்றாவது இன்னிங்ஸ், உருண்டு வந்த கடைசிப் பந்தை எடுத்து, இரண்டாவது பேஸை மிதித்து, முதல் பேஸுக்கு எறிந்து ஆட்டத்தை முடித்தது யார்? எங்கள் மூக்கையா. நாம் அவரை விற்ற வருடம் நம் அணி எங்கே முடித்தது? நம் பிரிவில் கடைசி.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தங்கை நல்ல கேள்வி கேட்டார். "2004-ல் ஊரே கும்பிட்ட நோமார் கார்சியபாராவை விற்றார்களே, அந்த வருடம்தானே கோப்பைக்கான 86 வருட ஏக்கம் தீர்ந்தது?" என்றார். உண்மைதான், நல்ல அடி. "2003-ல் நம் மேலாளர் கிரேடி லிட்டில் மனசு கேட்டு, பந்து எறிந்த பெட்ரோ மார்டினஸை எட்டாவது இன்னிங்ஸில் விட்டுவைத்துத் தோற்றாரே" என்றார். அதுவும் உண்மை. அங்கே எங்கள் மூக்கு உடைந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தங்கை, நோமாரை விற்ற அதே நாளில் இன்னொரு பேரத்தில் டேவ் ராபர்ட்ஸ் என்று ஒருவரையும் வாங்கினார்கள். யாங்கீஸிடம் மூன்று ஆட்டம் தோற்று, நாலாவதிலும் ஒன்பதாவது இன்னிங்ஸில் பின்தங்கி நிற்கும்போது அவரை முதல் பேஸில் ஓட நிறுத்தினார்கள். எறிகிறவர் மரியானோ ரிவேரா. இவர் ஓடத்தான் வந்திருக்கிறார் என்று மைதானத்தில் எல்லாருக்கும் தெரியும். ரிவேராவே மூன்று முறை முதல் பேஸுக்கு எறிந்து பார்த்தார். அப்படியும் ஓடி இரண்டாவது பேஸைத் திருடினார். அம்மா பாஷையில் சொன்னால், வீட்டுக்காரன் விளக்கைப் போட்டு விழித்துக்கொண்டிருக்கும்போது நடந்த களவு. அது கணக்கா?

கணக்குப் பார்த்த கதை வேண்டுமா? 2020 உலகத் தொடர், ஆறாவது ஆட்டம். டாம்பா பேயின் பிளேக் ஸ்னெல் ஒன்பது பேரைப் பந்தை அடிக்கவே விடாமல் ஸ்ட்ரைக் அவுட் செய்து, இரண்டே ஹிட் கொடுத்து, பிரமாதமாக எறிந்துகொண்டிருக்கிறார். எறிந்தது 73 பந்து. ஒரே அடிகாரர் மூன்றாவது முறை வந்தால் ஆபத்து என்று கணக்கு சொல்லியது, எடுத்துவிட்டார்கள். அடுத்து வரவேண்டியவர் யார்? அதுவரை ஸ்னெல்லிடம் இரண்டு முறை ஸ்ட்ரைக் அவுட் ஆன மூக்கி பெட்ஸ். புதிதாக வந்தவர் பந்தில் டபுள் அடித்தார். ஆட்டம் திரும்பியது, கோப்பை டாட்ஜர்ஸுக்குப் போனது. அன்றைக்கு மூக்கையா சிரித்ததைப் பார்த்திருப்பீர்கள்.

மணி அடித்துவிட்டது. ஒரு நிமிடம் ஐயா.

மூக்கி சின்னப் பையனாக டென்னசியில் இருந்தபோது, "குட்டையாக இருக்கிறான், ஒல்லியாக இருக்கிறான்" என்று பயிற்சியாளர்கள் சேர்க்க மறுத்தார்கள். அதுவும் கணக்குதான். அவருடைய அம்மா என்ன செய்தார் தெரியுமா? வேண்டாம் என்று விடப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்துத் தானே ஓர் அணியைக் கட்டினார், தானே பயிற்சியாளரானார். என்னைக் கேட்டால் ரெட் சாக்ஸ் நிர்வாகத்துக்கு அந்த அம்மாவைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

விற்ற செய்தியை நான் ஊருக்குப் போனில் சொன்னேன். எந்தக் கோபமும் இல்லை அம்மாவிடம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "ஆத்தாளுக்குத் தங்கினான். நமக்குத்தான் தங்கலை" என்றார்.

2023 ஆகஸ்டில் அம்மா மறுபடி வந்திருந்தார். டாட்ஜர்ஸ் சட்டையில் மூக்கி முதல் தடவையாக நம் அணியின் மைதானமான ஃபென்வேக்கு ஆட வந்தது அந்த மாதம்தான். மூன்று டிக்கெட் எடுத்தேன். 1912-ல் கட்டிய மைதானம். எனக்குக் கிடைத்தது தூணுக்குப் பின்னால். அவர் அடிக்க வந்ததும் மொத்த மைதானமும் எழுந்து நின்றது. எதிரணிக்காரனுக்கு, தம்பி, எதிரணிக்காரனுக்கு! அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். என் மகன், இப்போது என்னைவிட உயரம், பழைய ஐம்பதாம் நம்பர் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். வயிறு தெரிகிறது, இருந்தாலும் போட்டிருக்கிறான். பக்கத்து சீட்டில் ஆறரை அடி உயரத்தில் ஒரு பாஸ்டன்காரர், தாடி, கையில் பீர். அவர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு டிஷ்யூ எடுத்து நீட்டினார். ஆக, நீங்கள் கேட்ட டிஷ்யூ அன்றைக்கே வந்துவிட்டது தம்பி.

திரும்பி வரும்போது ரயிலில் அம்மா கேட்டார். "அங்க அவனை நல்லா வெச்சிருக்காகளா?"

"முப்பத்தாறரைக் கோடி டாலர் குடுத்திருக்காங்கம்மா."

"காசு கெடக்குடா. இம்புட்டுத் தூரம் வந்தானே, இங்க யாரு வீட்லயாச்சும் கை நனைச்சுட்டுப் போனானா?"

வணக்கம்.